படம் வரவில்லை, புள்ளி தெறிக்கிறது, திரை கறுக்கிறது: குற்றம் எச்டிஎம்ஐ கேபிளிலா, வேறெங்குமா?

செட்டாப் பாக்ஸ், லேப்டாப் போன்றவற்றிலிருந்து டிவிக்குப் படத்தையும் சத்தத்தையும் கொண்டுபோவது எச்டிஎம்ஐ கேபிள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அது ஒன்றரை மீட்டர் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கும். ஏசி போட்ட ஷோரூமில் அதே நீளம் ஆயிரம், இரண்டாயிரம் என்றும் தொங்கும். படம் சரியாக வந்துவிட்டால் இரண்டிலும் வருவது ஒரே படம்தான். விலை ஏறியதால் நிறம் ஏறாது, கறுப்பு இன்னும் கறுப்பாகாது. கேபிள் கெட்டிருந்தாலும் படம் மங்காது. புள்ளி தெறிக்கும், திரை கறுத்துத் திரும்பும், இல்லையென்றால் எதுவுமே வராது. அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள், பர்ஸை அப்புறம் திறக்கலாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டையும் சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே அணையுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. ஒரு நிமிடம் விட்டு, கேபிளின் இரு முனைகளையும் கழற்றித் திரும்பச் செருகி, அதன் பிறகு கரன்ட் கொடுங்கள். முதலில் டிவி, பிறகு பாக்ஸ். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் டிவியின் வேறொரு எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். போர்ட்டையும் கேபிளையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எது கெட்டது என்பது கடைசி வரை தெரியாது.

சோதிக்கும்போது பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. டிவிக்குள்ளேயே இருக்கும் யூடியூபில் 4கே வீடியோ ஓடவிட்டு, "கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டுவார்கள். அந்தப் படம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வருவதே இல்லை. பாக்ஸ், லேப்டாப், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல் என்று வெளியிலிருந்து வரும் படத்தை வைத்துத்தான் கேபிளைச் சோதிக்க முடியும். திருப்பிப் பார்த்தால் இதுவே நல்ல சோதனை: டிவியின் சொந்த மெனுவிலும் கோளாறு தெரிகிறதென்றால் கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## அறிகுறி 1: "நோ சிக்னல்"

### புதிதாகப் பொருத்தும்போதே வரவில்லை

இன்புட் தேர்வு சரிதானா? கேபிள் எச்டிஎம்ஐ 2இல், ரிமோட் எச்டிஎம்ஐ 1இல் என்பது அடிக்கடி நடப்பது. லேப்டாப் என்றால் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி "டூப்ளிகேட்" தேர்ந்தெடுங்கள்.

டைப்-சி போர்ட்டிலிருந்து அடாப்டர் போட்டு இழுக்கிறீர்களா? எல்லா டைப்-சி போர்ட்டிலும் படம் வராது. சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டுமான போர்ட்டில் எந்த அடாப்டரைப் போட்டாலும் பயனில்லை. போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடுங்கள்.

4கே பாக்ஸைப் பழைய எச்டி டிவியில் மாட்டியிருந்தால், பாக்ஸ் 4கேயிலேயே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதை வேறொரு புதிய டிவியில் மாட்டி, ரெசல்யூஷனை 1080க்கு (ஃபுல் எச்டி) இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எச்டிஎம்ஐயிலிருந்து பழைய மானிட்டர் இணைப்பான விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒருவழிப் பாதை. பழைய கம்ப்யூட்டரின் விஜிஏவிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் போக அது உதவாது. அதற்கு வேறு பொருள் கேட்டு வாங்கவேண்டும்.

### நேற்று வரை வந்தது, இன்று இல்லை

பிளக்கை லேசாக ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் படம் வருகிறதா? வந்தால் பிளக்கோ போர்ட்டோ தளர்ந்திருக்கிறது. வேறு கேபிளை அதே போர்ட்டில் செருகுங்கள். அதுவும் ஆடினால் போர்ட் போய்விட்டது என்று அர்த்தம். ஆட்டி ஆட்டிப் பார்ப்பதை அதோடு நிறுத்துங்கள். உள்ளே 19 பின்கள் போர்டில் மிக நெருக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்ட ஆட்ட அந்தப் பற்றவைப்பு விரியும், போர்டின் தடமே உரிந்தால் செலவு இரண்டு மடங்கு.

சுவரில் மாட்டிய டிவிகளில் போர்ட் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் தடித்த கேபிளின் எடைதான். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேபிளை டிவி பிராக்கெட்டோடு டை போட்டுக் கட்டினால் எடை போர்ட்டில் விழாது. சுவருக்கும் டிவிக்கும் இடையே இடமில்லை என்றால் எல் வடிவ அடாப்டர் போடலாம். அதில் மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது என இரு வகை உண்டு. உங்கள் டிவி போர்ட்டின் அகலமான பக்கம் எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் பிளக்கின் உள்முனைகள் களிம்பேறும். டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ மங்கிய பழுப்போ தெரிந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷில் தொட்டு கேபிள் முனையைத் துடைத்து, கால் மணி நேரம் உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், உப்புத்தாள் மூன்றும் கூடாது. தங்கமுலாம் பூசிய முனை படத்தை மேம்படுத்தாது. ஆனால் கடலோர வீட்டில் சில வருஷம் கூடுதலாகத் தாங்கும். அதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஃபால்ஸ் சீலிங் வழியாகப் போகும் கேபிள் ஒரே இரவில் செத்துப்போனால் எலியையும் சந்தேகியுங்கள்.

### இடி இடித்த மறுநாள் வரவில்லை

ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தால் அடுத்த போர்ட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், செலவே வேண்டாம். டிவியின் சொந்த ஆப்கள் ஓடுகின்றன, ஆனால் எல்லா எச்டிஎம்ஐயும் போய்விட்டது என்றால் மெயின்போர்டு அடிபட்டிருக்கிறது. இங்கே டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வாரன்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ்தான். வெளியாள் பின்மூடியைத் திறந்தால் வாரன்டி கேள்விக்குள்ளாகும். வாரன்டி முடிந்த டிவி என்றால், போர்டையே மாற்றவேண்டுமா, போர்ட்டையோ அதன் பக்கத்து சிப்பையோ மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டு, இரண்டுக்கும் தனித்தனியாக விலை வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ்ஷிலிருந்தோ கேபிள் டிவியிலிருந்தோ வரும் ஒயரையும், இன்டர்நெட் லேன் ஒயரையும் கழற்றவேண்டும். அந்த வழியாக வரும் அதிர்ச்சி பாக்ஸில் ஏறி, எச்டிஎம்ஐ கேபிள் வழியே டிவிக்குள் போகும்.

## அறிகுறி 2: திரை இரண்டு நொடி கறுத்து, தானாகத் திரும்புகிறது

அதிகப் பணம் வீணாவது இந்த அறிகுறியில்தான். காரணங்கள் பல, கேபிள் அதில் ஒன்று மட்டுமே. எப்போது கறுக்கிறது என்று குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும்: கோளாறே இல்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது, மெனு 60இல் ஓடுகிறது. பாக்ஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டிவி ஒரு கணம் கறுக்கும். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் விரிவோடு காட்டும் எச்டிஆர் படத்துக்குள் நுழையும்போதும் அப்படித்தான். பிடிக்காவிட்டால் பாக்ஸ் அமைப்பில் "மேட்ச் ஃபிரேம் ரேட்" என்பதை அணைத்துவிடலாம்.

ஸ்டிக் மாட்டிய டிவியில், எப்போது வேண்டுமானாலும்: ஸ்டிக்கின் கரன்ட் எங்கிருந்து வருகிறது? டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து என்றால் காரணம் அதுவே. சாதாரண யுஎஸ்பி போர்ட் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள்.

மிக்ஸி போட்டால், ஃபேன் சுவிட்சைத் தட்டினால், இன்வெர்ட்டர் மாறினால்: மின்சாரத்தில் வரும் தெறிப்பை கேபிளின் மேலுறைக் கவசம் தடுக்கவில்லை. முதலில் எச்டிஎம்ஐ கேபிளை மின்ஒயர்களிலிருந்து ஒரு சாணாவது விலக்குங்கள். ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரியுங்கள். டிவியும் பாக்ஸும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் இருக்கட்டும். பிறகும் கறுத்தால், இங்கே கேபிள் மாற்றுவது நியாயமான செலவு.

ஏசி அறையில், ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் மானிட்டர் கறுக்கிறது: கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை. கேஸ் சிலிண்டரில் ஏறி இறங்கும் நாற்காலியில் தேங்கும் நிலைமின்சாரம், எழும்போது ஒரு தெறிப்பாக வெளியேறி, கவசம் மெலிந்த கேபிளைக் கலக்கிவிடுகிறது. கவசம் நல்லதாக உள்ள குட்டைக் கேபிள் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு: மூடிய டிவி யூனிட்டுக்குள் இருக்கும் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வெளியே எடுத்து வையுங்கள்.

மெனு வருகிறது, சந்தா ஆப்பில் படம் மட்டும் கறுப்பு: இது திருட்டுத் தடுப்புப் பூட்டான எச்டிசிபி பிரச்சினை. இடையில் மாட்டிய ஸ்ப்ளிட்டர், ஸ்விட்ச், கேப்ச்சர் கார்டைக் கழற்றி நேராக மாட்டிப் பாருங்கள்.

4கே எச்டிஆரில் மட்டும், மற்றபடி நன்றாக ஓடுகிறது: ரெசல்யூஷனை 1080க்கு இறக்குங்கள். கறுப்பது நின்றால் கேபிளுக்கு 4கேயைத் தாங்கும் திராணி இல்லை. 1080, 60 ஃபிரேமுக்கு நொடிக்கு ஏறத்தாழ நான்கரை கிகாபிட் டேட்டா போனால் போதும். 4கே, 60 ஃபிரேமுக்கு 18 கிகாபிட் வரை வேண்டும். 1080இல் ஐந்து வருஷம் உழைத்த கேபிள் புது டிவி வந்த அன்று தடுமாறுவது இதனால்தான். கேபிள் கெடவில்லை, அதன் மேல் ஏற்றிய சுமைதான் கூடியிருக்கிறது. பழைய கேபிளை செட்டாப் பாக்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே இன்னும் பல வருஷம் ஓடும்.

## அறிகுறி 3: வெள்ளைப் புள்ளிகள், மினுமினுப்பு, கோடுகள்

படத்தின் மேல் மின்மினி பறப்பதுபோல் புள்ளிகள் தெறித்தால், அது கேபிள் தன் எல்லையைத் தொட்டுவிட்டதன் அடையாளம். கேபிள் மேல் தைரியமாகப் பழி போடக்கூடிய ஒரே அறிகுறி இது. புள்ளிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளி திரையின் சொந்தக் கோளாறு.

முதலில் பிளக்கை முழுவதுமாக உள்ளே தள்ளுங்கள். டிவிக்கு மாட்டிய சிலிகான் உறையோ, பிளக்கின் தடித்த கைப்பிடியோ, பள்ளமாக அமைந்த போர்ட்டில் முழுதாக இறங்க விடாமல் தடுக்கும். அடுத்து, இரண்டு கேபிளைச் சேர்க்கும் ஜாயின்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்று மீட்டரும் இரண்டு மீட்டரும் ஜாயின்டரில் சேர்ந்தால் ஒரே ஐந்து மீட்டர் கேபிளுக்கு ஈடாகாது. அதன் பிறகு குட்டைக் கேபிள். கடைசியாகத்தான் புதுக் கேபிள்.

சோதிக்க 4கேயில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இருண்ட காட்சியில் புள்ளிகள் எளிதில் கண்ணில் படும்.

## அறிகுறி 4: படம் வருகிறது, ஆனால் நொடிக்கு 60 அல்லது 120 ஃபிரேம் வரவில்லை

கேபிளைத் தொடுவதற்கு முன் டிவி அமைப்பைத் திறங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முழு வேகத்தைத் தனித்தனியாகத் திறந்துவிடவேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "எச்டிஎம்ஐ டீப் கலர்", சோனியில் "எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்" என்பதற்குள் "என்ஹான்ஸ்டு". இது அணைந்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் கேபிளும் ஒன்றும் செய்யாது.

பிறகு போர்ட். 120 ஃபிரேம் ஏற்கும் டிவிகள் பலவற்றில் ஒன்றோ இரண்டோ போர்ட்டுகள்தான் அதை ஏற்கும்; பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். டைப்-சி அடாப்டர்களில் மலிவானவை 4கேயில் 30 ஃபிரேமோடு நின்றுவிடும். மௌஸ் அம்பு இழுபட்டு நகர்ந்தால் இதுதான் காரணம், கேபிள் அல்ல. நடுவில் சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டர் ரிசீவரோ இருந்தால் அதன் எல்லையே உங்கள் எல்லை.

இவ்வளவும் சரி என்றால்தான் கேபிள். பிளேஸ்டேஷன் 5 வாங்கியவர்கள் பெட்டியில் வந்த கேபிளையே தேடி எடுங்கள். 120க்கு ஏற்றதைத்தான் அதில் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

## அறிகுறி 5: படம் உண்டு, சத்தம் இல்லை

சவுண்ட்பார் இல்லாத வீடு: லேப்டாப்பில் ஒலி வெளியீடு டிவிக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவே.

சவுண்ட்பார் உள்ள வீடு: டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதிதான் ஏஆர்சி; ஈ-ஏஆர்சி அதன் புதிய வடிவம். டிவியில் "ஏஆர்சி" அல்லது "ஈ-ஏஆர்சி" என்று எழுதிய போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கேபிள் அதில் இருக்கவேண்டும், சவுண்ட்பாரிலும் அதே பெயர் எழுதிய போர்ட்டில். பிறகு டிவி அமைப்பில் சிஇசியை (எச்டிஎம்ஐயில் மாட்டிய கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) இயக்குங்கள்; சாம்சங் இதை "எனிநெட் பிளஸ்" என்கிறது, எல்ஜி "சிம்ப்ளிங்க்" என்கிறது, சோனி "பிராவியா சிங்க்" என்கிறது. ஒலி வெளியீட்டை ஏஆர்சிக்கு மாற்றுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் டிஜிட்டல் ஒலியை "பிசிஎம்" (சுருக்காத சாதாரண ஒலி) என்று வைத்துப் பாருங்கள். ஏஆர்சிக்குப் பெரும்பாலான கேபிள்கள் போதும். ஈ-ஏஆர்சிக்கு "வித் ஈதர்நெட்" என்று அச்சிட்ட ஹை ஸ்பீடு கேபிளோ, அல்ட்ரா ஹை ஸ்பீடோ வேண்டும்.

## அறிகுறி 6: படம் மங்கல், நிறம் வெளிறல்

கேபிள் மாற்றாதீர்கள். பாக்ஸின் ரெசல்யூஷன், டிவியின் பிக்சர் மோடு, கம்ப்யூட்டரின் நிற அமைப்பான ஆர்ஜிபி "ஃபுல்", "லிமிடெட்" இரண்டில் எது டிவியோடு பொருந்துகிறது என்பது, இவற்றைப் பாருங்கள். சேனலே தெளிவு குறைந்த எஸ்டி என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி 7: கேபிள் முனையைத் தொட்டால் சுருக்கென்கிறது

செட்டாப் பாக்ஸ், டிவி பலவற்றுக்கு வருவது இரண்டு பின் பிளக். எர்த் இல்லாததால் அவற்றின் உலோகப் பகுதியில், மின்னழுத்தத்தில் பாதியளவு, அதாவது மல்டிமீட்டரில் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நின்றுவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால் அந்தத் தெறிப்பு போர்ட்டின் சிப்பைத் தின்றுவிடக்கூடும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகச் சொன்னது அதனால்தான்.

மூன்று பின் பிளக் போட்ட லேப்டாப்பிலோ ரிசீவரிலோ இப்படி வந்தால் வீட்டு எர்த்தைச் சந்தேகிக்கவேண்டும். பழைய ஃபிளாட்டுகளில் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. இங்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள்ளும் காட்டுகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். உடம்பு உதறும் அளவுக்கு ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

## புதுக் கேபிள்தான் என்று முடிவானால்

பெட்டியில் "2.1", "8கே" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அச்சடிக்கக் காசு ஆகாது. கேபிளுக்கு வெர்ஷன் எண் போடுவது எச்டிஎம்ஐ விதிப்படி சரியே அல்ல. கேட்கவேண்டியது வகைப் பெயர்:

- செட்டாப் பாக்ஸ், 1080 டிவி, சிசிடிவி மானிட்டர்: "ஹை ஸ்பீடு". இருக்கிறதில் மலிவானது போதும்.
- 4கே, 60 ஃபிரேம், எச்டிஆர்: "பிரீமியம் ஹை ஸ்பீடு", 18 கிகாபிட்.
- 4கே, 120 ஃபிரேம், புதிய கன்சோல்: "அல்ட்ரா ஹை ஸ்பீடு", 48 கிகாபிட்.

பின்னிரண்டு வகைக்கும் பெட்டியில் ஸ்கேன் செய்யும் சான்று ஸ்டிக்கர் இருக்கும். அதற்கான எச்டிஎம்ஐ ஆப்பைப் போனில் இறக்கிக் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அல்ட்ரா வகையில் கேபிளின் மேலுறையிலும் பெயர் அச்சாகியிருக்கவேண்டும்.

"டெஸ்ட் பண்ணித் தர்றேன் சார்" என்று கடைக்காரர் மாட்டிக் காட்டும் மானிட்டர் பெரும்பாலும் 1080தான். அந்தச் சோதனை 1080க்கு மட்டுமே சாட்சி. வீட்டில் 4கேயில் ஓட்டிப் பார்த்து மூன்று நாளில் மாற்றித் தருவாரா என்று கேட்டு, அதை பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். நீளம் கூடினால் ஒயர் தடிக்கவேண்டும்: ஒன்றரை மீட்டருக்கு 30 கேஜ் போதும், மூன்றுக்கு 28, ஐந்துக்கு 26 அல்லது 24. கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும்.

## அறிகுறி 8: புரொஜெக்டர் அல்லது சுவருக்குள் போகும் நீளக் கேபிளில் மட்டும் சிக்கல்

1080 என்றால் நல்ல தடித்த செம்புக் கேபிளில் பத்து மீட்டர் வரை பெரும்பாலும் இழுத்துவிடலாம். 4கே, 60 என்றால் ஐந்து மீட்டரோடு செம்பை நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல், படத்தை இழை வழியே ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்தான். விலை ஆயிரங்களில் போகும், ஆனால் இங்கே காசு கொடுப்பது வீணல்ல.

ஆப்டிகலுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் "சோர்ஸ்", மறு முனையில் "டிஸ்ப்ளே" என்று இருக்கும். மாற்றிப் போட்டால் நோ சிக்னல். சுவருக்குள் இழுத்துப் பூசிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் குறைவில்லை. ஆகவே இழுப்பதற்கு முன் தரையில் விரித்து, டிவியும் பாக்ஸும் மாட்டி, 4கேயில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கூர்மையாக மடக்கினால் உள்ளிருக்கும் இழை உடையும். முடிச்சுப்போலச் சுற்றாதீர்கள், பிளக்கைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எச்டிஎம்ஐ பிளக்கின் கைப்பிடி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம். முக்கால் இஞ்ச் பைப்பில் அது நுழைந்தாலும் பென்டில் சிக்கும். குறைந்தது ஒரு இஞ்ச் பைப், வளைவுகள் அகலமாக, கரன்ட் ஒயர் போகாத தனிப் பைப். சுவரை உடைக்கவேண்டிய நிலை என்றால் சொந்தமாக இறங்காமல், உள்ளே என்னென்ன ஒயர் போகிறது என்று தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். கேபிளை இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் கயிற்றையும் பைப்புக்குள் விட்டு, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கேபிள் போனால் அடுத்ததை இழுக்க அந்தக் கயிறு வேண்டும்.